காது அக்கா

திருப்பதியில் பஸ் ஏறி உட்கார்ந்து, வண்டி கடைத்தெருவைத் தாண்டி வேகமெடுத்த பிறகு அக்கா எழுந்து நின்றார். "ஆபண்டி, ஆபண்டி! கொஞ்சம் நிறுத்துங்க!"

யாருடைய மூட்டையோ விழுந்துவிட்டது என்று நினைத்துக் கண்டக்டர் விசில் ஊதினார். "இன்னாம்மா உழுந்துச்சு?"

"ஒண்ணும் விழலே. ஒரு அம்மாகிட்ட தப்பு சொல்லிட்டேன்."

பஸ் நிலையத்தில், மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பம் திருச்சானூர் வண்டி எங்கே நிற்கும் என்று அக்காவிடம் கேட்டிருந்தது. அவர் கிழக்கு மூலையைக் காட்டினார். எங்கள் வண்டி வெளியே வரும்போதுதான் திருச்சானூர் பலகை மாட்டிய பஸ் மேற்கு மூலையில் நிற்பதைப் பார்த்திருக்கிறார்.

"அவங்க வேற யாரையாச்சும் கேட்டுக்கினு போவாங்கம்மா. குந்து," என்றார் கண்டக்டர்.

"சொன்னது நான்தானே," என்று அக்கா இறங்கிவிட்டார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் இறங்கினேன்.

அந்தக் குடும்பம் கிழக்கு மூலையிலேயே பொறுமையாக நின்றிருந்தது. அக்கா மூச்சிரைக்க அந்த அம்மாவின் எதிரில் போய் நின்று, "காது அம்மா, காது!" என்றார். அந்த அம்மா பதறிப்போய் இரண்டு காதுகளையும் தடவிப் பார்த்துக்கொண்டார். கம்மல் இருந்தது. தெலுங்கில் காது என்றால் 'அப்படியில்லை' என்று நான் சொல்லி, சரியான மூலையைக் காட்டி அனுப்பி வைத்தேன். போகும்போது அந்த அம்மா, முக்காடு போட்ட அக்காவின் தலையைப் பார்த்து, "நீங்களும் மொட்டை போட்டாச்சுங்களா?" என்றார்.

"இன்னும் இல்லேம்மா. மேலேருந்து உத்தரவு வரலே."

"கவலைப்படாதீங்க, பெருமாள் கூப்பிடுவாரு," என்று அவர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அக்கா சிரித்துக்கொண்டே கும்பிட்டார்.

உத்தரவு என்று அவர் சொன்னதில் வேடிக்கை பாதிதான். சித்தூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவர் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியிருந்தார். மாதா கோயில் இல்லாத, சாமியார் எப்போதாவது வருகிற ஊர்களுக்குப் போய் ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பதுதான் அந்தச் சபையின் வேலை. ஆனால் மேற்றிராணியார், அதாவது பிஷப், அனுமதி கொடுத்தால்தான் அது சபை. அதுவரை அவர்கள் கன்னியாஸ்திரிகள் அல்ல, வெள்ளைப் புடவை கட்டி ஒரே வீட்டில் இருக்கும் ஐந்து பெண்கள், அவ்வளவுதான். அனுமதி இல்லை என்று ஆகிவிட்டால் நான்கு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான்கு வீட்டிலும் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்திருப்பார். கிருஷ்ணா நதிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பம். தமிழை எங்களிடம் பேசிப் பேசியே கற்றுக்கொண்டார். நீண்ட கழுத்து, கரகரத்த குரல், செருப்பில்லாத அகன்ற பாதங்கள். துணிப்பையில் எப்போதும் சுருட்டிய படங்கள், சிலேட்டுக் குச்சிகள், காய்ச்சல் மாத்திரை, ஒரு சிறு சீப்பு. சீப்பு அவருக்கல்ல, பிள்ளைகளுக்கு.

நான் அப்போது சித்தூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். வேலூர்ப் பக்கத்துப் பெண், புதிதாகப் பயிற்சி முடித்தவள். சபை வீட்டுப் பெண் ஒருத்தியின் காய்ச்சலுக்கு ரத்தம் பார்க்க அக்கா வந்திருந்தபோது, நான் ஒரு தாளில் தவறாக எழுதிய எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். வேறு தாள் எடுத்திருக்கலாமே என்றார். "அடிச்சதும் தெரியணும், திருத்தினதும் தெரியணும். எங்க படிப்புல அப்படித்தான்," என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதை எவரு சொல்லிக் கொடுத்தாங்க உனக்கு?" என்று இரண்டு முறை கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவரோடு நகரி பஸ்ஸில் இருந்தேன்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே மலையடிவாரத்தில் இருந்த ஒரு நெசவுக் குடியிருப்புக்குத்தான் நாங்கள் அதிகம் போனோம். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். அதில் ஏழெட்டு வீடுகள் கிறிஸ்தவ வீடுகள். ஒரு தறிக்கூடத்தில் பாவு நூலை ஒதுக்கிவிட்டு இடம் தருவார்கள். பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்காருவார்கள்.

அங்கே ஒருமுறை அக்கா, "ஜெபம் ரொம்ப அவசரம். சாப்பாடு எப்படி அவசரமோ அப்படி," என்று உருக்கமாகப் பேசிவிட்டு வந்தார். அன்று நான் போகவில்லை. அடுத்த முறை போனபோது செபமாலை தொடங்கியது. எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் தறியில் நாடா ஓடுகிற வேகத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள். முடித்ததும் ஒரு நெசவாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

"எதுக்கு இந்த ஓட்டம்?" என்றார் அக்கா.

"நீதானம்மா அவசரம்னு சொல்லிட்டுப் போன? இதுக்கு மேல எங்களால ஓட முடியல. மூச்சு வாங்குது."

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. அக்காவுக்கு அதை நான் விளக்கியபோது, அவர் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எல்லோர் முன்னாலும் நின்றார். "காது. நான் சொன்னது தப்பு. மெதுவா சொல்லுங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு சின்னக் குழந்தை காதைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்து மற்றவையும் பிடித்துக்கொண்டன. அன்றிலிருந்து அது விளையாட்டாகிவிட்டது. அக்கா எதையாவது மாற்றிச் சொல்லப் போகிறார் என்றால் வரிசை முழுவதும் காதுகளுக்குக் கை போய்விடும். ஊரில் அவருக்குக் காது அக்கா என்று பெயர் விழுந்தது.

எனக்கு அது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கூட இருப்பவர்களுக்கு அது எளிதாக இருக்கவில்லை. சொன்னதைத் திரும்பப் போய்ச் சொல்ல அவர் ஒரு பகலை வீணாக்குவார், பஸ்ஸை விடுவார், சமைத்ததை ஆறவிடுவார். "அப்புறம் போய்ச் சொன்னா ஆகாதா?" என்று மரியம்மா கத்துவாள். மரியம்மா அந்த நான்கு பேரில் மூத்தவள், பங்காருபாளையத்துப் பெண், இரண்டு பாஷையும் ஒன்றாகப் பேசுகிறவள். வீட்டை நடத்தியவள் உண்மையில் அவள்தான்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எங்கே என்ற பேச்சு ஊரெங்கும் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. திருத்தணி அந்தப் பக்கம், நகரி இந்தப் பக்கம் என்று ஒரு வாரம் சொல்வார்கள். அடுத்த வாரம் மாற்றிச் சொல்வார்கள். கடைசியில் எங்கள் குடியிருப்பு ஆந்திராப் பக்கம்தான் என்று உறுதியானபோது, அங்கிருந்த அம்மாக்களுக்கு வந்த பயம் வேறு. புதிதாக வரப்போகிற பங்குச் சாமியார் தெலுங்குக்காரர். அந்த வருஷம் புது நன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கக் காத்திருந்த பிள்ளைகள், அதற்கு முன் தாங்கள் செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி முதல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். தமிழில் சொன்னால் அவருக்குப் புரியுமா?

"புரியும், பயப்படாதீங்க. அவருக்குத் தமிழ் வரும்னு சொன்னாங்க," என்றார் அக்கா.

வராது என்று தெரிந்ததும் வழக்கம்போல் போய்க் காது சொன்னார். அந்த முறை பிள்ளைகள் மட்டும்தான் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் திருப்பதியிலிருந்து பெரிய சாமியார் வருகிறார் என்று செய்தி வந்தது. சபைக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவருக்கு. அந்தக் குடியிருப்புக்கே வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார், தெலுங்கில்.

"ஒரு மாசம் இருக்குது. எங்கிட்ட விடுங்க," என்றாள் மரியம்மா. கேள்வியும் பதிலுமாகத் தெலுங்கில் உருப்போட வைப்பது என்பது அவள் யோசனை. அர்த்தம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அக்கா வெகுநேரம் சிலேட்டுக் குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். அவர் மனமில்லாமல் ஒன்றுக்குச் சரி சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

மரியம்மா கெட்டிக்காரி. பெரிய சாமியார் வந்த அன்று, தறிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூடத் தடுமாறவில்லை. பாபம் என்றால் என்ன, எத்தனை வகை, பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் தெலுங்கில் கேட்கக் கேட்கப் பதில் மணிமணியாக வந்தது. கடைசியாகப் பத்து வயது ஞானம்மா எழுந்து நின்று மிக நீளமான பதிலை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

"சாலா பாக உந்தி!" என்றார் பெரிய சாமியார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். அக்காவின் பக்கம் திரும்பி, "என் வேலையைச் சுலபமாக்கிவிட்டீர்கள். மேற்றிராணியாரிடம் நான் தயங்காமல் சொல்லலாம்," என்றார். மரியம்மா சந்தோஷத்தில் என் கையைக் கிள்ளினாள்.

அக்கா எழுந்து நின்றார். "காது, சாமி."

இரண்டு வரிசையிலும் எல்லாப் பிள்ளைகளும் காதைப் பிடித்துக்கொண்டார்கள். பெரிய சாமியார் திகைத்துப்போனார்.

"ஞானம்மா, இப்ப சாமிகிட்ட நீ என்ன சொன்னே?" என்றார் அக்கா.

அவள் காதை விடாமலே மரியம்மாவைப் பார்த்தாள். "மரியம்மாக்கா சொல்லிக் குடுத்தது."

"அதுக்கு அர்த்தம்?"

"அர்த்தம் அப்புறமா சொல்லித் தரேன்னாங்க."

யாரோ ஒரு பையன் சிரித்து, அவன் அம்மாவிடம் அடி வாங்கினான்.

"உங்க உத்தரவுக்காக ஒரு மாசம் கிளிப்பிள்ளை மாதிரி சொல்ல வெச்சோம், சாமி. நான்தான் சரின்னு சொன்னேன். இந்தப் பிள்ளைங்க தான் செஞ்ச தப்பை, தனக்கே தெரியாத வார்த்தையில போய்ச் சொல்லணுமா?"

பெரிய சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபக்காரர் அல்ல. "இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே, அம்மா."

"பிள்ளைங்க முன்னாடிதானே சாமி, தப்பு பண்ணோம்?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, புது நன்மை இப்போதைக்குத் தள்ளிப் போகட்டும் என்றார். அனுமதியைப் பற்றி, "நான் பார்த்ததைத்தான் சொல்ல முடியும்," என்றார். அக்கா தலை குனிந்து கும்பிட்டார்.

"இன்னாக்கா இது? பொண்ணுக்கு வெள்ளப் பாவாட தெச்சி வெச்சிக்கினு இருக்கேன்!" என்று ஞானம்மாவின் அம்மா வாசலில் நின்று அழுதாள். "அடுத்த வருசத்துக்கு அது முட்டிக்கு மேல நிக்கும்!"

சித்தூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்தியதும் மரியம்மா, அன்றுதான் முதல் தடவையாக, அக்காவை நீ என்றாள்.

"உனுக்கு நல்லாத்தான் இருக்கும். காதுன்னு ஒரு வார்த்தை சொல்லி மனசுல இருக்கறத எறக்கி வெச்சிட்ட. நாங்க நாலு பேரு எங்க போயி எறக்கி வெக்கறது? எனுக்குப் பேசி முடிச்ச கல்யாணத்த வேணான்னுட்டு வந்தேன் நான்."

மற்ற மூன்று பேரும் சுவரோரம் நின்றார்கள். யாரும் மரியம்மாவைத் தடுக்கவில்லை. எனக்கும் அவள் சொல்வதில் தவறு தெரியவில்லை. உண்மையைச் சொன்னவர் ஒருவர், விலை கொடுப்பவர்கள் ஐந்து பேர்.

அக்கா கீழே உட்கார்ந்தார். "சாமிகிட்ட சொன்னது சரி," என்றார் மெதுவாக. "உங்களைக் கேக்காம சொன்னது தப்பு. அது என் ஒருத்தி உத்தரவு இல்லே."

"இங்க சொன்னா ஆச்சா? எங்க நைனாகிட்ட வந்து சொல்லு. ரெண்டு வருசத்துல உங்க பொண்ணு கன்னியாஸ்திரின்னு அவருகிட்டதான சொல்லி இட்டாந்த?"

"வரேன்."

மறுநாள் அக்காவும் மரியம்மாவும் நானும் பங்காருபாளையம் போனோம். மரியம்மா பெட்டியை எடுத்துக்கொண்டாள். மாங்காய் இறக்கும் காலம். தோப்பு வாசலில் லாரி நின்றது. வைக்கோல் பரப்பிய கூடைகளில் ஆட்கள் காயை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்தபடி வந்தார். அக்கா அத்தனை ஆட்களும் கேட்கச் சொன்னார்: "ரெண்டு வருஷத்துல உத்தரவு வரும்னு உங்ககிட்ட சொன்னேன். தப்பு சொல்லிட்டேன். வரலே."

"வூட்டுக்குள்ள வந்து சொல்லக் கூடாதாம்மா? கூலியாளுங்கள்லாம் வேலைய உட்டுட்டுப் பாக்கறானுங்க."

"இதே இடத்துல நின்னுதானே உங்க பொண்ணைக் கேட்டேன்?"

அவர் பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "இன்னும் எத்தினி வருசம் ஆவும்?"

"தெரியாது."

"வருமா வராதா, அதாச்சும்?"

"தெரியாதுங்க."

"தெரியாது தெரியாதுன்னு சொல்லியே ஆள் சேக்கற ஒரே மனுசி நீதாம்மா," என்றார் அவர். ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நீ இன்னா சொல்ற மரியம்மா?"

"நான் இங்கயே இருக்கறேன் நைனா." பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் என்னிடம் சொல்வதுபோல், "ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுக்கு சித்தூர் வந்துடறேன். அர்த்தம் சொல்லித் தரேன்னு புள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கறேன். அது என் பேச்சு," என்றாள்.

"சரி, அம்மாயி," என்றார் அக்கா, தெலுங்கில் மகளைக் கூப்பிடுவதுபோல்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அனுமதி அந்த வருஷம் வரவில்லை. நான் வேறு வேலை கிடைத்துச் சென்னைக்குக் கிளம்பும்வரையிலும் வரவில்லை. வீட்டில் அக்காவைத் தவிர மூன்று பேர் மிஞ்சினார்கள். ஆனால் மரியம்மாவைப் பார்த்து, வீட்டிலிருந்தபடியே ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து சொல்லிக் கொடுக்கிற பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஒருத்தி நர்ஸ், ஒருத்தி டீச்சர், புத்தலப்பட்டிலிருந்து கைக்குழந்தையோடு வருகிற ஒருத்தி. அக்கா உண்டாக்க நினைத்தது இது இல்லை. வந்ததை அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மரியம்மா பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். தெலுங்குப் பதில்களை ஒவ்வொரு வார்த்தையாக உடைத்து அர்த்தம் சொன்னாள். சில வாரம் போன பிறகு ஞானம்மா கையைத் தூக்கினாள். "நாங்க தெலுங்கு கத்துக்கறோம். புது சாமி ஏன் நம்ம பேச்சு கத்துக்கல? அவருக்கு யாரும் சொல்லித் தரலியா?"

மரியம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா அந்தக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொண்டு புதுச் சாமியாரைப் பார்க்கப் போனார். கேள்வி கேட்ட பிள்ளையின் பெயரையும் சொன்னாராம்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு மாலை புதுச் சாமியாரே வந்தார். மீசை சரியாக முளைக்காத முகம், கூச்ச சுபாவம். அங்கியை ஒதுக்கிக்கொண்டு பின்வரிசையின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் திரும்பி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் வரக்கூடிய வார்த்தைகள்தான் முதலில் வேண்டும் என்றார். தம் வாழ்நாள் அனுபவத்தையெல்லாம் அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு கொட்டினார்கள். புளுகினேன். கிள்ளினேன். கோள் சொன்னேன். ஆயாவுக்குப் பழிப்புக் காட்டினேன். மாங்கா திருடித் துன்னேன்.

ஒவ்வொன்றையும் அவர் வாயால் சொல்லிப் பார்த்து, தெலுங்கு எழுத்தில் சிலேட்டில் எழுதிக்கொண்டார். கடைசி வார்த்தையில் நின்றார். "துன்னேன்?" என்று சந்தேகமாகக் கேட்டார்.

"அது தப்பு சாமி, தின்னேன்னு..." என்று மரியம்மா ஆரம்பித்தாள்.

அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். "இருக்கட்டும். அவங்க வந்து சொல்லப் போறது துன்னேன்னுதான்."

சாமியார் குனிந்து, துன்னேன் என்றே எழுதிக்கொண்டார்.